வீட்டுக் கணினிக்கு இணையம் வராதபோது: லினக்ஸ் உபயோகிப்போருக்கு ஓர் ஆரம்பப் பாடம்

வயலுக்கு நீர் வராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் உடனே ஏரியைக் குறை கூறுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு, தம் வயலின் மடையிலிருந்து வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடக்கிறார்கள். மடை திறந்திருக்கிறதா, கிளை வாய்க்காலில் நீர் ஓடுகிறதா, பெரிய வாய்க்காலில் ஓடுகிறதா, மதகு திறந்திருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறார்கள். நீர் எந்த இடம்வரை வந்து நின்றிருக்கிறதோ, அதற்கடுத்த இடத்தில்தான் அடைப்பு. அதைக் கண்டபிறகே மண்வெட்டி மண்ணைத் தொடுகிறது. காணுமுன் வெட்டத் தொடங்கினால் நல்ல கரைதான் உடையும்.

வீட்டுக் கணினியில் இணையம் நின்றுபோனால் கையாளவேண்டிய முறையும் இதுவே. இம்முறையை அறிந்தவருக்கு லினக்ஸ் கணினி அச்சம் தரும் பொருளன்று. அறியாதவரோ பத்து இடங்களில் கைவைத்து, நன்றாயிருந்த அமைப்பையும் கெடுத்துவிட்டு, பிறகு நகரத்துக் கடையை நாடிச் செல்கிறார்.

இப்பாடம் எதற்காக

இணையம் இன்று கிராமத்துக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. பட்டா மாறுதலுக்கு மனுச் செய்வதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஊராட்சிகளின் திட்டங்களையும் கணக்குகளையும் பதிவதற்காக 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் தளம் தொடங்கப்பட்டது. இவ்வேலைகளில் பலவற்றுக்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளில் இணைப்பு நின்றுவிட்டால், ஒரு பருவத்தின் காப்பீடோ ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்போ கைநழுவிப் போகக்கூடும்.

இதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. குறை என்னவென்று ஆராயாமல், கணினியை முழுவதும் அழித்து மறுபடி நிறுவிக் கொடுப்போர் சிலர் இருக்கிறார்கள். இதையே வழக்கில் ‘ஃபார்மட்’ என்கிறோம். இதனால் அதிலிருந்த பத்திர நகல்களும், பிள்ளைகளின் பாடக் குறிப்புக்களும், குடும்பப் படங்களும் மறைந்துவிடுகின்றன. குறையோ பல சமயங்களில் ரவுட்டரின் மின்வயர் தளர்ந்திருந்தது என்ற அளவிலேயே இருக்கும். ஆகவே, குறை எங்கேயுள்ளது என்று கண்டறியும் திறமை ஊருக்கு ஒருவரிடமாவது இருத்தல் அவசியம்.

லினக்ஸ் நம் வீடுகளுக்கு வந்த விதம்

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயக்குதளம் என்பர். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸின் கருவைத் தொடங்கினார். அதை யாரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அதைக்கொண்டு டெபியன், உபுண்டு முதலிய பல தொகுப்புக்கள் தோன்றின. நம் நாட்டில் சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம், சென்னையில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற தொகுப்பை உருவாக்கியது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. மேலும், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐத் தாங்கமாட்டாத பழைய கணினிகள் நல்ல நிலையில் பல வீடுகளில் உள்ளன. அவற்றை வீணாக்காமல் லினக்ஸைக்கொண்டு பயன்படுத்த முடியும். ஆகையால் இப்பாடம் பலருக்கும் உதவும் என்று கருதுகிறோம்.

பாதையை அறிதல்

வாய்க்காலை அறியாதவர் அடைப்பை அறியமாட்டார். எனவே முதலில் இணையம் வீட்டுக்குள் வரும் பாதையை மனத்தில் இருத்திக்கொள்வோம். வெளியிலிருந்து கண்ணாடி இழைக் கம்பியாவது வேறு கம்பியாவது வீட்டுக்கு வருகிறது. அது ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. அப்பெட்டியைச் சிலர் மோடம் என்றும், சிலர் ரவுட்டர் என்றும், பலர் வைஃபை பாக்ஸ் என்றும் கூறுவர். நாம் ரவுட்டர் என்றே கூறுவோம். ரவுட்டரிலிருந்து வயர் மூலமாகவோ, வயரின்றி வைஃபை மூலமாகவோ கணினிக்கு இணைப்பு வருகிறது. ரவுட்டர் கணினிக்கு ஓர் எண்ணை முகவரியாக வழங்குகிறது. இறுதியில், கணினியிலுள்ள உலாவி என்னும் மென்பொருள் நாம் வேண்டிய பக்கத்தைக் காட்டுகிறது.

ஆக, கணினியின் இணைப்புக் கருவி, முகவரி, ரவுட்டர், வெளிக் கம்பி, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் பணி, உலாவி என ஆறு இடங்கள் உள்ளன. இவற்றில் ஏதேனும் ஒன்று தவறினாலும் நமக்குத் தெரிவது ‘இணையம் இல்லை’ என்ற ஒரே செய்திதான். காரணம் ஆறாயிருக்க, தோற்றம் ஒன்றாயிருப்பதே மக்கள் மயங்குவதற்கு ஏது.

முதற் சோதனை: குறை கணினியிலா, வீட்டிலா?

கணினியைத் தொடுவதற்கு முன்னரே செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள கைபேசியை எடுத்து, அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே ரவுட்டரின் வைஃபையுடன் இணைத்து, ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். மொபைல் டேட்டாவை நிறுத்த மறந்தால் கைபேசி தன் சிம் கார்டு மூலமாகவே பக்கத்தைத் திறந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும்.

கைபேசியிலும் பக்கம் வரவில்லையென்றால் குறை பெரும்பாலும் கணினியில் இல்லை. ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்கவேண்டும். விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை அல்லது அதன் அடாப்டர் பழுதாகியுள்ளது. கண்ணாடி இழை இணைப்பாயின், ரவுட்டரிலோ அதனருகிலுள்ள பெட்டியிலோ ‘எல்.ஓ.எஸ்.’ என்ற எழுத்துக்களுக்கருகில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று காணவேண்டும். எரிந்தால், வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வழியில் கம்பி அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அது கூர்மையாக மடங்கியிருக்கவும் கூடும். இழையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்த்தல் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணுக்கு ஊறு செய்யவல்லது. இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்குச் சொல்வதே வழி.

விளக்குகள் யாவும் சரியாயிருந்தும் இணையம் வரவில்லையெனில், மாதக் கட்டணமோ ரீசார்ஜோ முடிந்துவிட்டதா என்று பார்ப்பது நலம். அதுவும் இல்லையெனில், ரவுட்டரின் மின்வயரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் சொருகி, ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். பெட்டியின் பின்புறம் ஊசி நுழையுமளவு சிறு துளை ஒன்று இருக்கும். அதனுள்ளிருக்கும் பொத்தானை அழுத்தக்கூடாது. அழுத்தினால் அதில் பதிந்துவைக்கப்பட்டுள்ள இணைப்பு விவரங்கள் அழிந்துவிடலாம். பிறகு நிறுவனத்தார் வந்தாலொழிய வீடு முழுவதற்கும் இணையம் இராது.

கைபேசியில் பக்கம் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால், ரவுட்டரும் வெளிக் கம்பியும் குற்றமற்றவை என்று தெளிந்துகொள்ளலாம். ஒரே நிமிடச் சோதனையில் பாதிப் பாதை கழிந்துவிட்டது. இனிக் கணினிக்குள் செல்வோம்.

இரண்டாம் சோதனை: கணினி இணைந்திருக்கிறதா?

திரையின் ஒரு மூலையில், பெரும்பாலும் வலப்புறத்தில், இணைப்பைக் காட்டும் சிறு சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் வைஃபை இயக்கத்தில் உள்ளதா, எந்தப் பெயருடன் இணைந்துள்ளது என்பவை தெரியும். ‘ஏரோபிளேன் மோடு’ என்ற விமான நிலை இயங்கியிருந்தால் அதை நிறுத்தவேண்டும். மடிக்கணினியின் விசைப்பலகையில் மேல் வரிசை விசை ஒன்றில் கோபுரம் அல்லது விமானத்தின் படம் இருக்கும். பிள்ளைகள் அறியாமல் அதை அழுத்தியிருக்கலாம். சில பழைய மடிக்கணினிகளின் ஓரத்தில் வைஃபைக்கெனத் தனிச் சுவிட்சும் உண்டு.

வயர் மூலம் இணைப்பாயின், வயரின் இரு முனைகளும் ‘டிக்’ என்ற ஓசையுடன் பொருந்தியுள்ளனவா என்று பார்க்கவேண்டும். அவ்விடத்தில் பல கருவிகளில் சிறு விளக்கு மின்னும். மின்னவில்லையெனில் வேறு வயரை மாற்றிப் பார்க்கலாம். எலி கடித்த வயர்கள் கிராமத்தில் அரியனவல்ல.

வைஃபையின் பெயர் பட்டியலில் தோன்றாவிட்டால் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தூரமும் சுவர்களும். இரண்டு, பழைய மடிக்கணினிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் வெளியிட்டால் அவை அதைக் காணமாட்டா. மூன்று, கணினியின் வைஃபைக் கருவியை இயக்கும் மென்பொருள் லினக்ஸில் நிறுவப்படாமலிருப்பது. இம்மூன்றாம் காரணம் புதிதாக லினக்ஸ் நிறுவியோருக்கு நேர்வது. இதன் அடையாளம், பக்கத்து வீட்டு வைஃபை உட்பட எந்தப் பெயருமே தோன்றாமலிருப்பதாகும். டெபியன் தொகுப்பில், 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்புக்கு முன்னர், பல வைஃபைக் கருவிகளுக்கு வேண்டிய இயக்கக் கோப்புக்கள் வழக்கமான நிறுவு வட்டில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அப்பதிப்பு முதல் அவை சேர்க்கப்பட்டுள்ளன.

அக்கோப்புக்களைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற அக்கோப்புக்கள் வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க எளிய வழி ஒன்றுண்டு. கைபேசியைச் சார்ஜ் வயரால் கணினியுடன் பிணைத்து, கைபேசியின் அமைப்புக்களில் ஹாட்ஸ்பாட் பகுதியிலுள்ள ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்கினால், லினக்ஸ் அதை ஒரு வயர் இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். வயர் வெறும் மின்சாரத்தை மட்டுமன்றித் தகவலையும் கடத்தும் வகையாயிருத்தல் வேண்டும். இவ்வாறு கிடைத்த இணையத்தைக்கொண்டு வேண்டிய கோப்புக்களை நிறுவலாம். உபுண்டுவில் இதற்கெனக் ‘கூடுதல் இயக்கிகள்’ என்ற பகுதியே உண்டு. கடைசி நாள் அவசரத்திலும் இவ்வழி கைகொடுக்கும் என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாம் சோதனை: முகவரி கிடைத்ததா?

இனி மூன்று சிறு கட்டளைகளைக் கற்போம். லினக்ஸில் ‘டெர்மினல்’ என்ற செயலி உண்டு. அதைத் திறந்தால் எழுத இடம் தரும் வெற்றுத் திரை தோன்றும். கண்டு அஞ்சவேண்டாம். இங்குக் கூறும் மூன்று கட்டளைகளும் பார்த்துச் சொல்பவையே. எதையும் மாற்றுபவை அல்ல. யாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் அடித்து ‘என்டர்’ விசையை அழுத்தவேண்டும்.

முதற் கட்டளை ‘ஐபி ஏ’ என்பது. ஐ, பி என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஏ என்ற எழுத்தை அடிக்கவேண்டும். திரையில் சில பகுதிகள் தோன்றும். ‘எல்ஓ’ என்று தொடங்கும் முதற் பகுதியில் 127.0.0.1 என்ற எண் இருக்கும், அது கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் எண், நமக்கு வேண்டியதன்று. ‘இஎன்’ என்று தொடங்குவது பெரும்பாலும் வயர் இணைப்பு. ‘டபிள்யுஎல்’ என்று தொடங்குவது வைஃபை. நாம் உபயோகிக்கும் இணைப்பின் பகுதியில் ‘ஐநெட்’ என்ற சொல்லை அடுத்து 192.168.1.5 போன்ற எண் இருந்தால் முகவரி கிடைத்துவிட்டது. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடுகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் வழங்கிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்கும் எண்ணும் அவ்வகையே.

‘ஐநெட்’ வரியே இல்லையென்றாலும், 169.254 என்று தொடங்கும் எண் இருந்தாலும், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். வைஃபையின் கடவுச்சொல் தவறாயிருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வெவ்வேறாகவே கொள்ளப்படும். அவ்விணைப்பை ‘மறந்துவிடு’ என்று நீக்கிவிட்டு, மீண்டும் தேர்ந்து, கடவுச்சொல்லைக் கவனமாக அடிக்கவேண்டும். முன்பு யாரேனும் கணினிக்கு முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தால், இணைப்பின் அமைப்புக்களில் ‘ஐபிவி4’ என்ற பகுதிக்குச் சென்று, ‘தானியங்கி’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவேண்டும்.

நான்காம் சோதனை: ரவுட்டரும் வெளியுலகும்

இரண்டாம் கட்டளை ‘ஐபி ஆர்’ என்பது. இதுவும் முன்போலவே, இறுதியில் ஏ என்பதற்குப் பதிலாக ஆர். வரும் விடையில் ‘டிஃபால்ட் வியா’ என்ற சொற்களுக்குப் பின் 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதுவே ரவுட்டரின் எண். நம் வீட்டின் தலைவாயில். இவ்வரி இல்லையெனில், கணினிக்கு வெளியே செல்லும் வழி தெரியவில்லை. இணைப்பை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும்.

மூன்றாம் கட்டளை ‘பிங்’. பி, ஐ, என், ஜி என்ற நான்கு எழுத்துக்களை அடித்து, இடைவெளி விட்டு, ஓர் எண்ணை எழுதினால், கணினி அவ்வெண்ணுக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழி வருகிறதா என்று பார்க்கும். கிணற்றடியில் நின்று குரல் கொடுத்து எதிர்க்குரலைக் கேட்பது போன்றது இது. 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஒலிக்கருவி எழுப்பும் ஓசையே இதன் பெயராயிற்று. விண்டோஸில் இது நான்கு முறை அனுப்பி நின்றுவிடும்; லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறே சி எழுத்தை அழுத்தினால் நிற்கும்.

முதலில் ரவுட்டரின் எண்ணுக்குப் பிங் அனுப்புக. ‘64 பைட்ஸ்’ என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையேயுள்ள பாதை நல்ல நிலையில் உள்ளது. இடையிடையே சில வரிகள் விட்டுப்போனால் வைஃபை வலுவற்றிருக்கிறது என்று கொள்ளலாம். ரவுட்டருக்கு அருகில் சென்று பார்க்கவேண்டும். தொலைவிலுள்ள அறைக்கு வயர் இழுப்பதே நிலையான பரிகாரம். சாதாரண லேன் வயரை 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்புக. இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்கள் உபயோகத்துக்காக நடத்திவரும் கணினிகளின் எண். நினைவில் வைக்க எளிது. ரவுட்டர் மறுமொழி தந்து, இவ்வெண் மறுமொழி தராவிட்டால், குறை பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால். முதற் சோதனையில் கூறிய கட்டணம், விளக்கு, கம்பி ஆகியவற்றை மறுமுறை பார்க்கவேண்டும்.

ஐந்தாம் சோதனை: பெயரும் எண்ணும்

8.8.8.8 மறுமொழி தருகிறது, ஆனால் உலாவியில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இந்நிலை பலரையும் திகைக்க வைக்கும். காரணம் எளிதானது. நிலங்களுக்குப் புல எண் இருப்பதுபோல் இணையத்திலுள்ள ஒவ்வொரு தளத்துக்கும் எண் உண்டு. மக்கள் பெயரைத்தான் கூறுகிறார்கள். பெயரைக்கொண்டு புல எண்ணைக் காணப் பதிவேடு வேண்டும். இணையத்தில் அப்பதிவேட்டு வேலையைச் செய்வது ‘டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பு. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இதை வகுத்தார். பாதை திறந்திருந்தும் பதிவேடு கிடைக்காவிட்டால் நிலத்தைக் காணமுடியாது அல்லவா?

இதைச் சோதிக்க, பிங் கட்டளையில் எண்ணுக்குப் பதிலாக கூகுள் டாட் காம் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்க்கவேண்டும். ‘பெயரை எண்ணாக மாற்றுவதில் தற்காலிகத் தோல்வி’ என்ற பொருள்படும் ஆங்கில வரி வந்தால் குறை டி.என்.எஸ். அமைப்பில்தான். இணைப்பின் அமைப்புக்களில் ‘ஐபிவி4’ பகுதிக்குச் சென்று, டி.என்.எஸ். என்றுள்ள இடத்தில் தானியங்கியை மட்டும் நிறுத்திவிட்டு, 8.8.8.8 என்பதையும், ஒரு காற்புள்ளி இட்டு 1.1.1.1 என்பதையும் எழுதிச் சேமித்து, இணைப்பை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும். பின்னது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 முதல் நடத்துவது.

பெயரும் மறுமொழி தந்து, உலாவியில் மட்டும் பக்கம் வரவில்லையெனில், முதலில் கணினியின் தேதியைப் பார்க்கவேண்டும். பாதுகாப்பான தளங்கள் தம் சான்றிதழின் காலவரையைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டே திறக்கின்றன. பழைய கணினிகளின் உள்ளிருக்கும் பொத்தான் போன்ற பாட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்றுவரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். பாட்டரியை மாற்றினால் குறை நிலையாகத் தீரும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மாறிக் காட்டுவதுண்டு. இரண்டும் நேரத்தைக் கணக்கிடும் முறை வேறுபடுவதே இதற்குக் காரணம், அஞ்சவேண்டியதில்லை.

தேதியும் சரியெனில், உலாவியின் அமைப்புக்களில் ‘பிராக்ஸி’ ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா, வி.பி.என். செயலி ஏதேனும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று காணவேண்டும். ஒரு தளம் மட்டும் வரவில்லை, மற்றவை வருகின்றன என்றால் குறை அத்தளத்தில். கடைசி நாளன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் நுழைய முயல்வதால் தளங்கள் திணறுவது இயல்பு. அப்போது நம் கணினியில் எதையும் மாற்றாமல், விடியற்காலையிலோ இரவிலோ முயல்வதே அறிவுடைமை. பத்து நாள் முன்பே முடித்துவிடுவது அதனினும் அறிவுடைமை.

ஓர் எடுத்துக்காட்டு

மழை பெய்த மறுநாள் ஒரு விவசாயியின் வீட்டில் பயிர்க் காப்பீட்டுத் தளம் திறக்கவில்லை என்று கொள்வோம். கைபேசியை வைஃபையில் இணைத்துப் பார்க்கிறார், வருகிறது. வெளிக் கம்பி நலம். கணினியில் ‘ஐபி ஏ’ அடிக்கிறார், 192.168.1.7 என்று உள்ளது. முகவரி நலம். 192.168.1.1-க்குப் பிங், மறுமொழி வருகிறது. 8.8.8.8-க்குப் பிங், வருகிறது. கூகுள் டாட் காமுக்குப் பிங், அதுவும் வருகிறது. உலாவியில் மட்டும் ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை. இப்போது அவர் பார்க்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. மூலையிலுள்ள தேதியைப் பார்க்கிறார். இரவு மின்சாரம் நின்றுவந்ததில் ஆண்டே மாறியிருக்கிறது. திருத்துகிறார், தளம் திறக்கிறது. முழு வேலைக்கும் பத்து நிமிடம் ஆகாது. எச்சரிக்கையைப் புறக்கணித்து ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தியிருந்தால், போலித் தளத்திலும் அவ்வாறே அழுத்தும் கெட்ட பழக்கம் கைவந்திருக்கும்.

செய்யத் தகாதவை

ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யக்கூடாது. ஒன்றை மாற்றிச் சோதித்து, பயனில்லையெனில் அதைப் பழையபடி வைத்துவிட்டு, அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளைகள் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்று ஓடுபவை. அறியாதவர் அனுப்பிய அத்தகைய கட்டளையைப் பொருள் தெரியாமல் அடித்தல், படித்துப் பாராத பத்திரத்தில் கையொப்பமிடுவதற்குச் சமம்.

‘உங்கள் இணையத்தைச் சரிசெய்கிறோம்’ என்று தாமாகவே தொலைபேசியில் அழைத்து, ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்வோரை நம்பவேண்டாம். அச்செயலி மூலம் அவர்கள் தூரத்திலிருந்தே கணினியையும், அதன் வழியாக வங்கிக் கணக்கையும் கைப்பற்றக்கூடும். பணம் பறிபோனால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும்.

கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும், ‘ஃபார்மட் செய்யவேண்டாம், ரவுட்டர்வரை பிங் போகிறது, அதற்கப்பால் போகவில்லை’ என்பதுபோல் கண்டதைக் கூறிக் கொடுக்கவேண்டும். முக்கியமான கோப்புக்களை முன்னரே ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்தல் நலம்.

ஊராட்சி செய்யவேண்டியது

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டு, பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. கம்பி ஊருக்கு வருவது ஒரு பாதி. வந்ததைப் பேணுவது மறு பாதி. சாலை ஓரத்தில் குடிநீர்க் குழாய்க்காகவோ வேறு பணிக்காகவோ பள்ளம் தோண்டுமுன், இழை எவ்வழியே செல்கிறது என்பதை ஒப்பந்தக்காரர் கேட்டறியுமாறு ஊராட்சி பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஊராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டரின் அருகில் ஒரு சிறு குறிப்பேடு வைப்பது பெரிதும் உதவும். இணையம் நன்றாயிருக்கும் நாளிலேயே அதில் எழுதவேண்டியவை: இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் புகார் எண், நம் வாடிக்கையாளர் எண், கட்டணம் முடியும் நாள், ரவுட்டரின் எண், ‘ஐபி ஏ’ தரும் விடை, எந்தெந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்பவை. கடவுச்சொற்களை அதில் எழுதவேண்டாம். குறை நேர்ந்தபோது தேதி, கண்டது, செய்தது ஆகியவற்றை ஒரு வரியில் குறிக்கவேண்டும். மூன்று முறை ஒரே குறை நேர்ந்திருப்பதை அக்குறிப்பேடு காட்டினால், அதை வைத்துக்கொண்டு நிறுவனத்தாரிடம் உறுதியுடன் பேசலாம்.

இப்பாடத்தை ஒருவர் படித்து வைத்துக்கொள்வது போதாது. பள்ளி உயர் வகுப்புப் பிள்ளைகள் இருவரையாவது அருகில் இருத்தி, இணையம் நன்றாயிருக்கும் ஒரு மாலையில் ஐந்து சோதனைகளையும் செய்து காட்டச் சொல்லவேண்டும். நல்ல நாளில் விடை எப்படியிருக்கும் என்று கண்டவரே கெட்ட நாளில் வேறுபாட்டை உணர்வர். கைபேசிச் சோதனை, இணைப்பு, முகவரி, ரவுட்டரும் வெளியும், பெயரும் உலாவியும் என்ற வரிசையை மனப்பாடம் செய்தவர், கடைசி நாளன்று கலங்கமாட்டார். தம் வேலையை முடித்துக்கொண்டு, அண்டை வீட்டாருக்கும் உதவுவார்.